அணை பத்திரமா: யார் சொல்வது?

ஓர் அரசின் அணை இன்னோர் அரசின் மண்ணில் நின்றால், அது பத்திரமாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை யாருக்கு? கட்டிப் பராமரிப்பவருக்கா, அணைக்குக் கீழே குடியிருப்பவருக்கா, இருவருக்கும் மேலே இருக்கும் ஒரு சட்டத்துக்கா? கேரள மண்ணில் நிற்கும் தமிழகத்தின் முல்லைப்பெரியாறு அணையைச் சுற்றி அரை நூற்றாண்டை நெருங்கும் சர்ச்சையின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடித் தங்களுக்கு மேலே ஒரு பொதுச் சட்டத்தை ஏற்படுத்திக்கொண்டபோது அங்கேயும் இதே கேள்வி எழுந்தது. 'எங்கள் பாதுகாப்பு' என்று ஓர் அரசு சொன்ன மாத்திரத்தில் பேச்சு முடிந்துவிடுமா, அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டுமா? லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றமும் டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றமும் தனித்தனி வழியில் நடந்து, ஏறத்தாழ ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நின்றால் அணை கண்ணில் படாது. அது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேக்கடிக் காட்டுக்குள் இருக்கிறது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓட வேண்டிய பெரியாற்றைத் தடுத்துத் தேக்கி, தேக்கடி தலைமதகு வழியாகக் கிழக்கே திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கத்தில் விடுகிறார்கள். மறுபக்கம் வெளிவரும் தண்ணீர் இரைச்சல்பாலம் வழியாகவும், ராட்சதக் குழாய்கள் வழியாகவும் இறங்குகிறது. குழாய்த் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு ஆற்றில் சேர்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி என்று வழியெல்லாம் வாய்க்கால்கள் பிரிகின்றன. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் இந்தத் தண்ணீரில் விளைகிறது. மிஞ்சியது வைகை அணைக்குப் போய், மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஆகிறது.

முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அன்றைக்கு அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நாற்றங்கால் வேலையே தொடங்கும். 104 அடிக்குக் கீழே போய்விட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. ஆகவே 104-க்கு மேலே இருக்கிற ஒவ்வோர் அடியும் கம்பம் விவசாயிக்குக் கணக்கு. உச்ச மட்டம் 152 அடி என்பதற்கும் 1979-இல் இறக்கப்பட்ட 136 அடி என்பதற்கும் நடுவே இருக்கும் 16 அடி, அவர்களுக்குக் காகிதத்தில் எழுதிய எண் அல்ல. இரண்டாம் போகம் கரையேறுமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

அணையின் சட்டக் கதை 1886 அக்டோபர் 29-இல் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் அன்றுதான் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் கட்டுமானம் 1887-இல் தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிக் காரையும் கொண்டு எழுப்பிய 1,200 அடி நீளப் பிரதான அணை. பக்கத்திலேயே 'பேபி அணை' என்று எல்லோரும் அழைக்கும் 240 அடி நீளத் துணை அணை. அதையொட்டி ஒரு மண் அணை. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ஐ இன்றும் பள்ளத்தாக்கின் ஊர்களில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அந்தக் குத்தகைப் பத்திரத்தின் அக்கறை நிலம், தண்ணீர், வாடகை ஆகியவற்றோடு நின்றுவிட்டது. அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் காலத்து அரசுகளுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவும் இல்லை. 1970 மே 29-இல் தமிழகமும் கேரளமும் கூடுதல் ஒப்பந்தம் செய்தபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. லோயர் கேம்பில் மின்சாரம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் முடிவானது. அப்போதும் பாதுகாப்பு ஒரு தனித் தலைப்பாக எழவில்லை.

அதை எழுப்பியது 1979. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-இல் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அணை என்றால் வயலும் மின்சாரமும் என்று நினைத்திருந்த நாட்டுக்கு, அது ஊரையே அள்ளிக்கொண்டு போகவும் கூடும் என்று புரிந்தது. 1960-களிலேயே முல்லைப்பெரியாறு பற்றிக் கவலை தெரிவித்திருந்த கேரளத்தில் அச்சம் மும்மடங்கானது. அந்த நவம்பரில் திருவனந்தபுரத்தில் மத்திய நீர்வள ஆணையத் தலைவர் முன்னிலையில் இரு மாநில அதிகாரிகளும் கூடினார்கள். அணையைப் பலப்படுத்த வேண்டும், அது முடியும்வரை நீர்மட்டம் 136 அடியில் நிற்க வேண்டும் என்று முடிவானது. தமிழகம் அதை ஏற்றுக்கொண்டது. இதை இன்று பலரும் மறந்துவிடுகிறார்கள்: 136 என்பது வேலை முடியும்வரைக்குமான தற்காலிக ஏற்பாடு.

பலப்படுத்தும் வேலை மூன்று விதமாக நடந்தது. அணையின் உச்சியில் கம்பி போட்ட கான்கிரீட் தொப்பி ஒன்று கனமாகப் போடப்பட்டது. மேலிருந்து அணையைத் துளைத்து, அடியில் உள்ள பாறைவரை இரும்பு வடங்களை இறக்கி, முறுக்கிப் பிணைத்தார்கள். அணையின் பின்புறத்தில், பழைய சுவரோடு ஒட்டி, புதிதாக ஒரு கான்கிரீட் சுவர் எழுந்தது. உபரி நீர் வெளியேறும் மதகுகளும் 10-இலிருந்து 13 ஆயின. இவ்வளவும் முடிந்ததும் தமிழகம் 'மட்டத்தை உயர்த்துங்கள்' என்றது. கேரளம் 'பழைய அணை பழைய அணைதான்' என்றது. பொறியாளர்களின் பேச்சாக இருந்தது, இரண்டு அரசுகளின் பேச்சாக மாறியது. அவரவர் மக்களின் உயிரும் வாழ்வும் அவரவர் வாதத்துக்குத் துணையாக நின்றன.

இந்தக் கட்டத்தில் ஐரோப்பாவைப் பார்ப்பது பயன்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1951-இல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தம் செய்து நிலக்கரியையும் எஃகையும் பொது அதிகாரத்தின் கீழ் கொண்டுவந்தன. பீரங்கி செய்யத் தேவையான பொருள்கள் இரண்டும் ஒருவர் கையில் மட்டும் இல்லாமல் போனால் சண்டை வராது என்பது எண்ணம். ஆக, நாடுகளுக்கு மேலான ஐரோப்பியச் சட்டம் பிறந்ததே பாதுகாப்புக்காகத்தான். ஆனால் வணிகம் திறந்துவிடப்பட்டதும் ஒரு சிக்கல் வந்தது. பொதுச் சட்டத்தை மீற நினைத்த நாடுகள், பொதுப் பாதுகாப்புக்கெனப் பொதுச் சந்தை ஒப்பந்தத்தில் இருந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டன. 1984-இல் தீர்ப்பான கேம்பஸ் ஆயில் வழக்கில், எண்ணெய் இறக்குமதி செய்பவர்கள் தங்கள் தேவையில் ஒரு பங்கை அரசுச் சுத்திகரிப்பு ஆலையில்தான் வாங்க வேண்டும் என்ற அயர்லாந்தின் விதி விசாரிக்கப்பட்டது. எண்ணெய் இல்லாமல் ஒரு நாடு இயங்க முடியாது, ஆகவே அதுவும் பொதுப் பாதுகாப்பில் அடங்கும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கூடவே, நடவடிக்கை தேவைக்கு மேல் போகக் கூடாது, அந்த அளவை நீதிமன்றமே பார்க்கும் என்றும் சொன்னது. பாதுகாப்பின் எல்லை விரிந்தது. அதே மூச்சில் அதற்கு ஓர் அளவுகோலும் வந்தது.

பின்னர் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவு, தேசியப் பாதுகாப்பு ஒவ்வொரு நாட்டின் தனிப் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படி இருந்தும், 2020 அக்டோபர் 6-இல் வந்த தீர்ப்பில் லக்சம்பர்க் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது என்றது. குடிமக்கள் எல்லோருடைய தொலைபேசி, இணையத் தொடர்பு விவரங்களையும் மொத்தமாகச் சேமித்துவைக்கும் பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டுச் சட்டங்கள் பற்றிய வழக்கு அது. உண்மையான, கடுமையான அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதி. நீதிமன்றமோ சுயேச்சையான அமைப்போ அதைச் சரிபார்க்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. ஓர் அரசின் அச்சத்தை மதிக்கலாம், ஆனால் அந்த அச்சம் சோதனைக்கு உட்பட்டது என்பது இன்றைய ஐரோப்பியச் சட்டத்தின் நிலை.

முல்லைப்பெரியாறில் இதே சோதனை 2000-இல் தொடங்கியது. இரு மாநில உயர் நீதிமன்றங்களில் கிடந்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மத்திய அரசு மிட்டல் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 142 அடிவரை தேக்கலாம் என்று 2001-இல் அந்தக் குழு சொன்னது. 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பேபி அணை பலப்படுத்தப்பட்ட பிறகு, சுயேச்சையான நிபுணர்கள் பார்த்து, 152-க்கு உயர்த்துவதை முடிவு செய்யலாம் என்றும் வழிவிட்டது. தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாநிலங்களுக்கு இடையிலான தண்ணீர்த் தகராறுகளில் நீதிமன்றங்களை விலக்கிவைத்துத் தனி வழி வகுக்க அரசியல் சட்டத்தின் 262-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, அதன்படி வந்த சட்டம் அவற்றை நடுவர் மன்றத்திடம் விடுகிறது; காவிரி அந்த வழியில்தான் போனது. முல்லைப்பெரியாறு தண்ணீர்த் தகராறு அல்ல, அணையின் பாதுகாப்புப் பற்றிய விவகாரம், ஆகவே இதை விசாரிக்கத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு என்ற கேள்விதான் இந்த வழக்கை மாநில எல்லைக்கு மேலே தூக்கிச் சென்றது.

கேரளத்தின் பதில் உடனே வந்தது. தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆவதற்குள் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தியது. 22 அணைகள் 'ஆபத்தில் இருக்கும் அணைகள்' என்று பட்டியலிடப்பட்டன. முல்லைப்பெரியாறுக்கு 136 அடி என்ற உச்சவரம்பு சட்டமாகவே எழுதப்பட்டது. ஒரு சட்டமன்றம் தன் மக்களின் பாதுகாப்பு கருதிச் சட்டம் இயற்றுவதில் தவறு என்ன என்பது கேரளத்தின் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. வல்லக்கடவு, வண்டிப்பெரியார், உப்புத்தறை, சப்பாத்து என்று அணைக்குக் கீழே ஆற்றோரம் குடியிருப்பவர்களின் பயம் உண்மையானது. அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்பவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்புகிற ஆயிரக்கணக்கானோரும் அந்த மாவட்டத்து மண்ணில்தான் பகல் முழுவதும் நிற்கிறார்கள். அணையின் பாதுகாப்பு மலையாளிகளின் கவலை மட்டும் என்று தமிழகத்தில் பேசுவது, நம்மவர்களையே கணக்கில் விட்டுவிடும் பேச்சு.

தமிழகம் 131-ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2010 பிப்ரவரியில் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐந்து பேர் கொண்ட அதிகாரமளிக்கப்பட்ட குழு அமைந்தது. கேரளத்தின் சார்பில் நீதிபதி கே.டி. தாமஸ், தமிழகத்தின் சார்பில் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், கூடவே இரண்டு தொழில்நுட்ப வல்லுநர்கள். இந்தக் குழு செய்த வேலை மிகவும் முக்கியமானது. அணையைத் துளைத்து உள்ளிருக்கும் காரையின் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் முகப்பை, தொலைவிலிருந்து இயக்கும் கருவியை இறக்கிப் படம் பிடித்தார்கள். பெருவெள்ளம் வந்தால் அணை தாங்குமா, பூகம்பம் வந்தால் தாங்குமா என்று தனித்தனியே கணக்கிட்டார்கள். இடையில் 2011-இல் இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் வந்தன. அந்த டிசம்பரில் எல்லை கொந்தளித்தது. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பெருங்கூட்டமாகக் குமுளியை நோக்கி நடந்தார்கள், போக்குவரத்து நின்றது, இரு பக்கமும் ஏழைத் தொழிலாளர்கள்தான் அடி வாங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் குழு வேலையை நிறுத்தவில்லை. வெள்ளம், கட்டுமானம், நில அதிர்வு என்ற மூன்று வகையிலும் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012 ஏப்ரலில் அறிக்கை தந்தது.

2014 மே 7-இல் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, முல்லைப்பெரியாறைப் பொறுத்தவரை கேரளத்தின் திருத்தச் சட்டம் செல்லாது என்றது. காரணம் எளிமையானது, ஆனால் ஆழமானது. அணை பாதுகாப்பாக இருக்கிறதா என்பது உண்மை பற்றிய கேள்வி. சாட்சியம் பார்த்து நீதிமன்றம் ஒரு முடிவைச் சொன்ன பிறகு, ஒரு தரப்பின் சட்டமன்றம் கைதூக்கி அதை மாற்ற முடியாது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைச் சொல்லியும் அந்த முடிவைக் கவிழ்க்க முடியாது. லக்சம்பர்க் சொன்னதும் இதுதான். ஒருவர் தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற பழைய நியாயம், அரசுகளுக்கும் பொருந்தும் என்று ஆனது. அந்த ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக, அணை 142 அடியைத் தொட்டது.

தமிழகத்தில் இந்தத் தீர்ப்பு வெற்றி என்று மட்டும் கொண்டாடப்பட்டது. அதன் இரண்டாம் பாதியை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. 142 அடிக்கு அனுமதி தந்த அதே தீர்ப்பு, மத்திய நீர்வள ஆணையப் பிரதிநிதி தலைமையில் இரு மாநிலங்களிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து நிரந்தர மேற்பார்வைக் குழு ஒன்றை அமைத்தது. நாளிதழ்களில் 'மூவர் குழு' என்று வந்தது இதுதான். அணையைப் பார்வையிடுவது, தேவையான பாதுகாப்பு நடவடிக்கைக்கு உத்தரவிடுவது அதன் வேலை. அதற்கு உதவியாகத் துணைக் குழு ஒன்றும் உண்டு. தேக்கடியிலிருந்து படகில் போய், பிரதான அணை, பேபி அணை, மண் அணை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, மதகின் ஷட்டர்களை ஏற்றி இறக்கிச் சோதிப்பார்கள். பிறகு அணைக்குள் செல்லும் கேலரி என்ற குறுகிய நடைபாதையில் இறங்கி, சுவரில் ஊறிவரும் கசிவு நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளப்பார்கள். எந்தக் கல் அணையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். நீர்மட்டம் ஏறும்போது அளவும் கூடும். மட்டத்துக்கு ஏற்ற அளவில் கசிந்தால் அணை சாதாரணமாக இருக்கிறது என்று பொருள். பாதுகாப்பு ஒரு தீர்ப்போடு முடிகிற விஷயம் இல்லை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் அளந்துகொண்டே இருக்க வேண்டியது என்பதற்கு அந்தக் கேலரிதான் சாட்சி.

அணைக்குக் கீழே இருப்பவர்களின் உயிர் பற்றிய கடமையை ஐரோப்பா இன்னொரு நீதிமன்றத்தில் வளர்த்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் மனித உரிமை நீதிமன்றத்துக்கு ரஷ்யாவின் மலை ஊர் ஒன்றில் நடந்த மண்சரிவு வழக்கு வந்தது. மண்சரிவைத் தடுக்கும் அணைகள் பழுதாகிக் கிடந்தன; எச்சரிக்கை தரப்படவில்லை; 2000 ஜூலையில் ஊருக்குள் சேறு புகுந்து உயிர்கள் போயின. இயற்கைச் சீற்றம் என்று சொல்லி அரசு கைகழுவ முடியாது, தெரிந்த ஆபத்திலிருந்து காப்பதும் முன்கூட்டியே எச்சரிப்பதும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. 2012-இல், விளாடிவஸ்தோக் அருகே நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டு வீடுகளை மூழ்கடித்த வழக்கிலும் அதே வழி. எல்பே, டான்யூப் ஆறுகளின் 2002 வெள்ளத்துக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் வெள்ள விதியைக் கொண்டுவந்தது. வெள்ள அபாய வரைபடங்களைத் தயாரித்து ஆறாண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும்; ஒரு நாடு எடுக்கும் நடவடிக்கை, பேசி உடன்படாமல், ஆற்றின் மேலேயோ கீழேயோ இருக்கும் மற்ற நாட்டின் வெள்ள ஆபத்தைக் கூட்டக் கூடாது. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை, அடுத்தவரையும் காக்கும் கடமையாக இங்கே உருமாறிவிட்டது.

கேரளத்தின் 2018 வெள்ளம் அந்தக் கடமையை நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் மத்தியில் முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டது, மதகுகள் திறக்கப்பட்டன. திடீரென்று திறந்ததும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளம் நீதிமன்றத்தில் சொன்னது, தமிழகம் மறுத்தது. வழக்கத்துக்கு மீறிய மழைதான் காரணம் என்று மத்திய நீர்வள ஆணையம் பின்னர் அறிக்கை தந்தது. இடையில், மாத இறுதிவரை மட்டத்தை 139.99 அடிக்குள் வைக்குமாறு ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 'ரூல் கர்வ்'. ஆண்டு முழுவதற்கும் ஒரே உச்ச எண் என்றில்லாமல், மழையின் போக்குக்கு ஏற்ப இந்தத் தேதிக்கு இவ்வளவு அடி என்று வரம்பு நிர்ணயிக்கும் முறை அது. வெள்ளம் வந்தால் வாங்கிக்கொள்ள அணையில் இடம் விட்டுவைப்பது நோக்கம். 2021 அக்டோபர் கடைசியில் இந்தக் கணக்கின்படி மதகுகளைத் திறந்து கேரளப் பக்கம் தண்ணீர் விட்டபோது பள்ளத்தாக்கில் கோபம் கிளம்பியது. கோபத்தில் நியாயம் உண்டு. கேரளத்துக்கு விட்ட தண்ணீர் பிறகு திரும்பி வராது. ஆனாலும் ரூல் கர்வைத் தோல்வி என்று பார்ப்பது சரியில்லை. நவம்பர் முடிவில் 142 அடி நிற்கலாம் என்று அந்த அட்டவணையே சொல்கிறது.

நாடு முழுவதற்குமான அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழகம் இந்தச் சட்டத்தை நெடுங்காலம் எதிர்த்தது. 2018-இல் சட்டமன்றத்தில் தீர்மானமும் நிறைவேற்றியது. கேரள எல்லைக்குள் இருக்கும் முல்லைப்பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கு அணைகளின் மீதான பிடி நழுவிவிடும் என்பது அதன் கவலை. சட்டத்தின் 24-ஆவது பிரிவு இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், அதன் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு இரண்டு மாநிலங்களுடையதும் அல்ல. தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே அந்த இடத்தில் இருக்கும். அணையை இயக்குவதும் பராமரிப்பதும் உரிமையாளர் பொறுப்பாகவே தொடரும். கேரளத்தின் அமைப்பு வந்து தமிழக அணைக்கு உத்தரவிடும் நிலை இந்தப் பிரிவால் இல்லாமல் போயிற்று. தமிழகத்துக்கு இது இழப்பைவிட அரண் என்றே சொல்ல வேண்டும். ஆணையம் முழுமையாகச் செயல்படும்வரை அதன் அதிகாரத்தை மேற்பார்வைக் குழுவே பயன்படுத்தட்டும், இரு மாநிலங்களிலிருந்தும் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் சேரட்டும் என்று 2022 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இன் இறுதியில் ஆணையத் தலைவர் தலைமையிலேயே புதிய மேற்பார்வைக் குழு வந்தது.

மேலே சட்டம் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடாது என்பதையும் இந்த அணை காட்டுகிறது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். டான்யூப் நதியில் கூட்டாக அணைகள் கட்ட ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977-இல் போட்ட ஒப்பந்தம் முறிந்து, 1997-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் ஆபத்து என்ற ஹங்கேரியின் வாதம் நிரூபிக்கப்படவில்லை, ஆற்றைத் தன் பக்கம் திருப்பிய செக்கோஸ்லோவாக்கியாவும் தவறு செய்தது, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள் என்றது. பேச்சு பல பத்தாண்டுகள் இழுத்தது. முல்லைப்பெரியாறில் இழுத்துக்கொண்டிருப்பது பேபி அணை. அதைப் பலப்படுத்த அங்கே நிற்கும் 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. சில நாட்களிலேயே கேரள அரசு அதை ரத்து செய்தது. அணை பலவீனமானது என்று சொல்லும் அரசே, பலப்படுத்தும் வேலைக்குக் குறுக்கே நிற்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. விண்ணப்பத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அனுப்பி விரைவில் முடிவெடுக்கச் செய்யுமாறு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அணைக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமே 2000-ஆம் ஆண்டுவாக்கில் துண்டிக்கப்பட்டு, காட்டுக்கு அடியில் கேபிள் போட்டு 2021-இல்தான் திரும்ப வந்தது. மதகுகளை இயக்க வேண்டிய ஓர் அணை இருபது ஆண்டுகள் ஜெனரேட்டரை நம்பி இருந்தது என்பதற்கு எந்தப் பக்கமும் பெருமைப்பட முடியாது.

தமிழகத்தின் பக்கமும் குறை உண்டு. ஆய்வு என்றாலே உரிமையைப் பறிக்கும் சூழ்ச்சி என்று சந்தேகிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. 2006-இலும் 2014-இலும் தமிழகத்துக்குக் கைகொடுத்தது ஆய்வுதான். அணை உறுதியாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அளவுகளை மறைக்க வேண்டியதில்லை. கசிவு நீர் அளவு, நில அதிர்வுக் கருவிகளின் பதிவு, வெள்ளம் வந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்ற வரைபடம் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், வண்டிப்பெரியாரில் வதந்தி பரவும் இரவுகள் குறையும். கூடலூர் விவசாயியின் 142-க்கும் பலம் கூடும்.

சட்டம் இதற்குக் கெடுவும் வைத்திருக்கிறது. ஒவ்வோர் அணைக்கும் சுயேச்சையான நிபுணர்களைக் கொண்டு முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். ஆபத்துக் காலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும். இரண்டையும் சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் 30-க்குள், முடித்தாக வேண்டும். முல்லைப்பெரியாறின் உரிமையாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு தமிழக நீர்வளத் துறையுடையது. வழிவிட வேண்டிய பொறுப்பு கேரளத்துடையது.